கார் உரிமையாளரின் மாதாந்திரச் சோதனை: ஆறிய எஞ்சினிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

பலருக்குப் பராமரிப்பு என்பது சர்வீஸ் தேதி வந்ததும் வண்டியைக் கொண்டுபோய் விட்டு, சாவியைக் கொடுத்துவிட்டு வருவதோடு முடிந்துவிடுகிறது. இரண்டு சர்வீஸுக்கு நடுவில் ஆயில் குறைவதையும் டயரில் காற்று இறங்குவதையும் யாரும் கவனிப்பதில்லை. மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் இவை அத்தனையையும் நீங்களே பார்த்துவிடலாம். கை பழகிவிட்டால் அரை மணிகூட ஆகாது.

வேலை கடினமில்லை, புதியவர்களுக்கு வரிசைதான் தவறுகிறது. முதலில் வண்டியை எடுத்துக்கொண்டு காற்றுப் பிடிக்கப் போகிறார்கள். போன இடத்திலேயே போனட்டைத் திறந்து ஆயில் பார்க்கிறார்கள், அப்படியே கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) மூடியிலும் கை வைக்கிறார்கள். டயரும் கூலன்டும் வண்டி ஆறியிருக்கும்போது பார்க்கவேண்டியவை. ஆயிலையும் நிறுத்தின கையோடு பார்க்கக்கூடாது. அதனால் இங்கே வரிசை இதுதான்: ஆறிய வண்டி, சாவி போட்ட வண்டி, ஓடுகிற வண்டி, ஓடி வந்து நின்ற வண்டி.

1. முதல் நாள் இரவே செய்யவேண்டியது

வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். சரிவில் நின்றால் ஆயிலும் கூலன்டும் ஒரு பக்கம் ஒதுங்கி அளவு தப்பாகக் காட்டும். எஞ்சினுக்குக் கீழே ஒரு பெரிய அட்டையை விரித்து வையுங்கள். எங்காவது ஒழுகினால் காலையில் அந்த அட்டை சொல்லிவிடும்.

கையில் இருக்கவேண்டியவை: காற்றழுத்தம் அளக்கும் டயர் கேஜ், நூல் உதிராத பழைய துணி, டார்ச், வோல்ட் அளக்கும் சாதாரண மல்டிமீட்டர், கையுறை, வண்டியோடு வந்த ஓனர் மேனுவல். மேனுவலைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். முழுவதும் படிக்கவேண்டாம். டயர் அழுத்தம், ஆயில் மற்றும் திரவங்களின் வகை, எச்சரிக்கை விளக்குகள் ஆகிய மூன்று பகுதிகளுக்கு மட்டும் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வழிகாட்டியில் உள்ள எண்ணும் மேனுவலில் உள்ள எண்ணும் வேறுபட்டால் மேனுவல் சொல்வதே சரி.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் ஆயில் பகுதியை விட்டுவிடலாம், மற்றவை பெரும்பாலும் பொருந்தும். ஹைப்ரிட் ஆனாலும் மின்சாரக் கார் ஆனாலும் ஆரஞ்சு நிற வயர் எதையும் தொடாதீர்கள். அது உயர் மின்னழுத்த வயர்.

2. காலையில் முதலில் அட்டையைப் பாருங்கள்

அட்டையில் தெளிந்த தண்ணீர் மட்டும் இருந்தால் அது ஏசியிலிருந்து சொட்டியது, கவலை வேண்டாம். பழுப்பாகவோ கறுப்பாகவோ வழவழப்பாக இருந்தால் எஞ்சின் ஆயில். பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறத்தோடு இருந்து லேசான இனிப்பு வாடை வந்தால் கூலன்ட். அது விஷம், குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் அந்தப் பக்கம் வராமல் உடனே துடைத்துவிடுங்கள்.

சக்கரத்தின் உட்பக்கத்துக்கு நேர் கீழே எண்ணெய் போன்ற ஈரம் தெரிந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். அப்படியானால் சோதனையை அத்தோடு நிறுத்துங்கள். வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை வரவழையுங்கள்.

3. டயர்

இந்தப் பகுதிக்குத்தான் அதிக நேரம் கொடுங்கள். வண்டி முழுவதும் சாலையைத் தொடுவது உள்ளங்கை அகலமுள்ள நாலே நாலு இடங்களில்தான்.

டயர் ஆறியிருக்கவேண்டும், அதாவது வண்டி குறைந்தது மூன்று மணி நேரமாவது நின்றிருக்கவேண்டும். ஓடும்போது டயர் சூடாகி உள்ளே அழுத்தம் ஏறும். அந்த ஏற்றத்தைப் பார்த்துவிட்டுக் 'காற்று அதிகம்' என்று இறக்கினால், ஆறியபின் தேவையானதைவிடக் குறைந்துபோகும். சூடான டயரிலிருந்து காற்றை இறக்கவே கூடாது.

எவ்வளவு காற்று வைப்பது என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் தூணில் ஒட்டியிருக்கும். சில வண்டிகளில் பெட்ரோல் மூடியின் உட்பக்கம் இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்துக் காற்று நிரப்புவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. அந்த எண் அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அழுத்தம். உங்கள் வண்டியின் எடைக்கு எவ்வளவு வேண்டும் என்பது டயர் செய்தவருக்குத் தெரியாது. முன்னுக்கும் பின்னுக்கும் எண் வேறாக இருக்கலாம், முழுச் சுமைக்குத் தனி எண்ணும் இருக்கும்.

சுற்றுப்புற வெப்பம் 5 அல்லது 6 டிகிரி செல்சியஸ் இறங்கினால் டயரில் சுமார் 1 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அலகு) குறையும். பருவம் மாறும்போது நாலு டயரிலும் ஒரே அளவு குறைந்திருந்தால் அது இயல்பு. ஒரு டயர் மட்டும் மற்றவற்றைவிட அதிகமாக இறங்கியிருந்தால் ஆணியோ வால்வுக் கசிவோ இருக்கிறது. வால்வின் மேல் சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு அங்கேதான்.

'டயர் அழுத்தம் குறைந்தால் விளக்கு எரியுமே, நான் ஏன் பார்க்கவேண்டும்?' என்று கேட்பவர்கள் உண்டு. அந்த விளக்கு தாமதமாகத்தான் எரியும். அமெரிக்க விதியே பரிந்துரைத்த அளவிலிருந்து 25 சதவீதம் குறைந்தால் எரியவேண்டும் என்றுதான் சொல்கிறது. அதுவரை டயர் காற்றில்லாமல் தேய்ந்துகொண்டே இருக்கும்.

அடுத்து தேய்மானம். டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும், உயரம் 1.6 மில்லிமீட்டர். டயரின் மேற்பரப்பு அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் டயர் முடிந்தது. என்னைக் கேட்டால் 3 மில்லிமீட்டரிலேயே புது டயருக்கு ஏற்பாடு செய்யத் தொடங்கிவிடலாம். மழைத் தண்ணீரை ஒதுக்கும் திறன் அதற்குக் கீழே வேகமாகக் குறைகிறது.

தேய்ந்திருக்கும் விதத்தையும் படியுங்கள். நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம் வைத்து ஓட்டியிருக்கிறீர்கள். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் வீல் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) கெட்டிருக்கலாம். மேடும் பள்ளமுமாகத் தேய்ந்தால் ஷாக் அப்சார்பரைச் சந்தேகியுங்கள். காரணத்தைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அதே மாதிரிதான் தேயும்.

பக்கவாட்டில் வெடிப்போ புடைப்போ இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். உட்பக்கமும் தடவுங்கள், பலர் வெளிப்பக்கத்தோடு விட்டுவிடுகிறார்கள். புடைப்பு இருந்தால் அந்த டயர் எந்த நேரமும் வெடிக்கலாம், பஞ்சர் ஒட்டுவதுபோல் அதை ஒட்ட முடியாது. டயரின் வயது தெரிய அதன் பக்கவாட்டிலுள்ள நாலு இலக்க எண்ணைத் தேடுங்கள். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது.

ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள். தேவைப்படும் நாளில்தான் அதில் காற்றில்லை என்று தெரியவரும். ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னிக்குப் பெரும்பாலும் 60 பி.எஸ்.ஐ. வேண்டும், மற்ற டயர்களின் அளவைப் பார்த்து நிரப்பினால் போதாது.

4. எஞ்சின் ஆயில்

போனட்டைத் திறந்து டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு காட்டும் நீண்ட குச்சியை) வெளியே இழுங்கள். முதலில் வரும் அளவை நம்பாதீர்கள். வண்டி ஓடியபோது தெறித்த ஆயில் குழாயின் சுவரில் ஒட்டி, டிப்ஸ்டிக்கை மேலே வரை நனைத்திருக்கும். துணியால் சுத்தமாகத் துடைத்து, கடைசி வரை உள்ளே தள்ளி, மறுபடி இழுத்துப் பாருங்கள்.

டிப்ஸ்டிக்கைக் கிடையாகப் பிடிக்கவேண்டும். நுனியைத் தூக்கிப் பிடித்தால் ஆயில் கைப்பக்கம் வழிந்து அளவு கூடுதலாகக் காட்டும். புது ஆயில் தேன் நிறத்தில் இருப்பதால் வெறும் வெளிச்சத்தில் விளிம்பு தெரியாது. டார்ச்சைப் பக்கவாட்டில் காட்டினால் ஈரமான பகுதி பளபளக்கும், அது முடியும் இடமே அளவு. இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் மேலேயும் மறு பக்கம் கீழேயும் காட்டினால் கீழே உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே இருப்பது குழாயில் உரசிய ஈரம்.

அளவு இரண்டு கோடுகளுக்கு நடுவே இருந்தால் போதும். மேல் கோட்டைத் தொட்டே தீரவேண்டும் என்று ஊற்றவேண்டாம். பல கார்களில் கீழ்க் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் இடைவெளி சுமார் ஒரு லிட்டர். கீழ்க் கோட்டில் இருந்தால் முதலில் கால் லிட்டர் ஊற்றி, ஐந்து நிமிடம் இறங்கவிட்டு மறுபடி பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டிவிட்டால் எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலில் அடித்து நுரை கிளப்பும். நுரை உராய்வைத் தடுக்காது, அதனால் அதிக ஆயிலும் குறைந்த ஆயிலைப் போலவே கெடுதல் செய்யும்.

எந்த ஆயில் என்பதற்கும் மேனுவலைப் பாருங்கள். 5டபிள்யூ-30 (ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் குறியீடு) என்று போட்டிருந்தால் அதையே ஊற்றுங்கள். 'கெட்டியான ஆயில் எஞ்சினுக்கு நல்லது' என்று யாராவது சொல்வார்கள். எஞ்சினின் இடைவெளிகள் அந்த ஆயிலை வைத்தே வடிவமைக்கப்பட்டவை. கெட்டியான ஆயில் குளிர்ந்த எஞ்சினின் மேல்பகுதிக்குப் போய்ச் சேர நேரமாகும்.

ஆயில் கறுத்திருந்தால் பதற வேண்டாம். டீசல் வண்டியில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும், அழுக்கைச் சுமப்பதும் ஆயிலின் வேலைதான். பால் கலந்த காபி மாதிரி மாறியிருந்தால் மட்டும் யோசிக்கவேண்டும். மூடியின் அடியில் கொஞ்சம் இருந்தால் குறுகிய ஓட்டத்தால் படிந்த ஈரமாக இருக்கலாம். டிப்ஸ்டிக்கிலேயே அப்படி இருந்தால் கூலன்ட் ஆயிலில் கலக்கிறது, வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

சில புதிய கார்களில் டிப்ஸ்டிக்கே கிடையாது, திரையில்தான் அளவு காட்டும். சில எஞ்சின்களை ஓட்டிச் சூடாக்கி, நிறுத்திச் சில நிமிடம் கழித்துப் பார்க்கச் சொல்வார்கள். உங்களுடையது அந்த வகை என்றால் இந்தப் படியை மட்டும் கடைசிக்குத் தள்ளுங்கள்.

5. கூலன்ட்

ரேடியேட்டர் மூடியைத் திறக்கவேண்டியதில்லை. பக்கத்தில் இருக்கும் அரைத்தெளிவான பிளாஸ்டிக் தொட்டியில் அளவுக் கோடுகள் வெளியிலிருந்தே தெரியும். சூடான எஞ்சினில் எந்த மூடியையும் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருப்பதால்தான் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடி திறந்து அழுத்தம் விடுபட்ட கணமே அது கொதித்து முகத்தில் பீறிடும்.

குறைந்திருந்தால் மேனுவல் சொல்லும் வகையையே ஊற்றுங்கள். நிறத்தைப் பார்த்து வாங்குவது பெரிய தவறு. ஒரே நிறத்தில் வெவ்வேறு வேதிக்கலவைகள் விற்கின்றன, பொருந்தாதவை கலந்தால் துருத்தடுப்பு போய் உள்ளே கசடு சேரும். செறிவாக விற்பதை வழக்கமாகப் பாதிக்குப் பாதி காய்ச்சி வடித்த நீருடன் கலக்கவேண்டும். குழாய்த் தண்ணீரில் உள்ள உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைத்துவிடும்.

மாதாமாதம் குறைகிறது என்றால் ஊற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. மூடிய அமைப்பில் கூலன்ட் குறைய வேண்டிய காரணமே இல்லை. எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

6. பிரேக் ஆயில்

அளவைப் பாருங்கள், ஊற்ற அவசரப்படாதீர்கள். பிரேக் பேட் (அழுத்தி உரசி வண்டியை நிறுத்தும் பட்டை) தேயத் தேய அந்த இடத்தை நிரப்ப ஆயில் கீழே இறங்கும், தொட்டியில் அளவு மெல்லக் குறையும். கீழ்க் கோட்டுக்கு அருகில் வந்தால் பேடைப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பதில் ஆயில் ஊற்றி நிரப்பினால் புது பேட் போடும்போது நிரம்பி வழிந்து பெயின்டை அரிக்கும். கண்முன்னே சட்டென்று இறங்கினால் அது கசிவு.

பிரேக் ஆயிலின் தரக் குறியீடுகளில் டாட் 3, டாட் 4, டாட் 5.1 ஆகியவை கிளைகால் வகை, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அதனால் மூடியைக் காரணமில்லாமல் திறந்து வைக்காதீர்கள். டாட் 4-இன் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 230 டிகிரி, ஈரம் ஏறியபின் 155 டிகிரி. நீண்ட மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக் சூட்டில் அது கொதித்து ஆவியானால் பெடல் தரைவரை இறங்கும், வண்டி நிற்காது. அதனால்தான் அளவு சரியாக இருந்தாலும் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றும் வேலையை வொர்க்‌ஷாப்பில் விடுங்கள், உள்ளே ஒரு காற்றுக் குமிழி நின்றாலும் ஆபத்து. டாட் 5 சிலிகான் வகை, மற்றவற்றோடு கலக்கவே கூடாது.

7. பேட்டரி

எஞ்சின் ஓடாதபோது மல்டிமீட்டரை இரண்டு டெர்மினலிலும் வையுங்கள். 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.4 பரவாயில்லை, 12.2 என்றால் ஏறத்தாழ பாதிதான் இருக்கிறது. நாலைந்து நாள் எடுக்காத வண்டி என்றால் அதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சமையல் சோடா கலந்த தண்ணீரில் பழைய பிரஷ்ஷை நனைத்துத் தேய்க்கலாம். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். வண்டியின் உடம்பு முழுவதும் நெகட்டிவோடு இணைந்தது. பாசிட்டிவை முதலில் கழற்றினால், ஸ்பானர் பக்கத்து இரும்பில் இடித்தவுடன் பொறி பறக்கும்.

பேட்டரி இறங்கிய வண்டியை வேறொரு வண்டியின் பேட்டரியால் ஸ்டார்ட் செய்யும்போதும் (ஜம்ப் கொடுப்பது) பொறியைத் தவிர்க்க வரிசை முக்கியம். சிவப்பு வயர் முதலில் செத்த பேட்டரியின் பாசிட்டிவில், பிறகு நல்ல பேட்டரியின் பாசிட்டிவில். கறுப்பு வயர் நல்ல பேட்டரியின் நெகட்டிவில், அதன் மறுமுனை செத்த வண்டியின் எஞ்சினிலுள்ள வெறும் இரும்பில், பேட்டரியிலிருந்து தள்ளி. கடைசி இணைப்பில் பொறி வரும். பேட்டரி ஹைட்ரஜனை வெளிவிடும் என்பதால் அந்தப் பொறி அதன் அருகே வேண்டாம்.

8. சாவியைத் திருப்பும்போது

ஸ்டார்ட் செய்யாமல் சாவியை அதற்கு முந்தைய 'ஆன்' நிலையில் நிறுத்துங்கள். எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரியவேண்டும்; சில தானாக அணையும், ஆயில், பேட்டரி போன்றவை எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணையவேண்டும். அணையாத விளக்கை எல்லோரும் கவனிப்பார்கள், எரியவே எரியாத விளக்கை யாரும் கவனிப்பதில்லை. ஏர்பேக் விளக்கு தொடக்கத்திலேயே எரியாவிட்டால், பழுது இருந்தாலும் அது உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. பழைய கார் வாங்கப் போகும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

இப்போது ஸ்டார்ட் செய்து மறுபடி மல்டிமீட்டர் வையுங்கள். 13.7 முதல் 14.7 வோல்ட் வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் கருவி) பேட்டரியைச் சார்ஜ் செய்கிறது. 12-ஐ ஒட்டியே நின்றால் கோளாறு பேட்டரியில் இல்லை, புது பேட்டரி வாங்கிப் போட்டாலும் இரண்டு நாளில் இறங்கிவிடும்.

சிவப்பு விளக்கு என்றால் உடனே ஓரமாக நிறுத்துங்கள், மஞ்சள் என்றால் சீக்கிரம் பாருங்கள். சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் எஞ்சினை அணையுங்கள். 'பக்கத்தில்தானே இருக்கிறது' என்று ஓட்டிய தூரத்தில் பேரிங்குகள் போய்விடும். எஞ்சின் விளக்கு நிலையாக எரியாமல் மின்னினால் சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை, எரியாத பெட்ரோல் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிக் கெடுத்துவிடும்.

9. ஓட்டிப் பாருங்கள், பாட்டை அணைத்துவிட்டு

கண்ணாடியை இறக்கி, ஒரு சுவரையொட்டி மெதுவாக ஓட்டுங்கள், சத்தம் எதிரொலித்துத் தெளிவாகக் கேட்கும். பிரேக் பிடிக்கும்போது கீச்சென்றால் பேட் முடியப் போகிறது, கரகரவென்று அரைத்தால் முடிந்தேவிட்டது. ஸ்டீயரிங் முழுதாக ஒடித்துத் திரும்பும்போது கடகடவென்றால் முன்பக்க ஆக்ஸில் மூட்டைப் பார்க்கவேண்டும். நேர்ச் சாலையில் வண்டி ஒரு பக்கம் இழுத்தால் முதலில் காற்றைச் சந்தேகியுங்கள், பிறகு அலைன்மென்ட்டை. பிரேக் பிடிக்கும்போது மட்டும் இழுத்தால் ஒரு பக்க பிரேக் இறுகியிருக்கலாம்.

திரும்பி வந்ததும் நாலு சக்கரத்தருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொடவேண்டாம். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அந்த பிரேக் விடுபடாமல் உரசிக்கொண்டிருக்கிறது.

10. சக்கரம் மாற்ற ஒருமுறை ஒத்திகை

இது மாதாமாதம் வேண்டாம், ஆண்டுக்கு ஒருமுறை போதும். வொர்க்‌ஷாப்பில் காற்று கன்னால் இறுக்கிய நட்டுகள் வண்டியில் உள்ள ஸ்பானருக்கு அசையாமல் போவது சகஜம். அது இருட்டில், சாலையோரத்தில் தெரியவரக்கூடாது.

சமதரையில் ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரிலோ பார்க்கிலோ நிறுத்தி, எதிர்மூலைச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஜாக்கி போடும் முன்பே நட்டுகளை அரைச்சுற்று தளர்த்துங்கள். தூக்கிய பிறகு தளர்த்த முயன்றால் சக்கரம் சுற்றும், அழுத்தினால் வண்டி ஜாக்கியிலிருந்து சரியும். ஜாக்கிக்கு உரிய இடம் மேனுவலில் படத்தோடு இருக்கிறது, வேறிடத்தில் வைத்தால் தகடு உள்ளே மடங்கும். கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் படுக்கவையுங்கள், ஜாக்கி நழுவினால் அது தாங்கும். நீங்கள் மட்டும் எந்தக் காரணத்துக்கும் அடியில் போகாதீர்கள்.

மாட்டும்போது நட்டுகளை வரிசையாக இறுக்காமல் எதிரெதிராக இறுக்குங்கள், சக்கரம் சாயாமல் சமமாக உட்காரும். கடைசி இறுக்கம் சக்கரம் தரையைத் தொட்ட பிறகு. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

11. எழுதி வையுங்கள்

தேதி, ஓடிய கிலோமீட்டர், நாலு டயரின் அழுத்தம், ஆயில் அளவு, பேட்டரி வோல்ட். இவ்வளவுதான். ஒரு மாத எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது, நாலைந்து மாத எண்கள் சேர்ந்தால் இடது பின் டயர் மட்டும் இறங்குவதும் ஆயில் குறையும் வேகம் கூடுவதும் தானாகத் தெரியும்.

சர்வீஸ் இடைவெளியைக் கிலோமீட்டரில் மட்டும் எண்ணாதீர்கள். 'இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முதலில் வருகிறதோ அது' என்றுதான் மேனுவலில் இருக்கும். குறைவாக ஓடும் வண்டியில்தான் ஆயிலில் ஈரம் தங்கும். டைமிங் பெல்ட் (வால்வுகளையும் பிஸ்டனையும் ஒத்திசைத்து ஓடவைக்கும் பட்டை) உள்ள எஞ்சின் என்றால் அதை மாற்றவேண்டிய கிலோமீட்டரைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். அது முன்னறிவிப்பின்றி அறும், பல எஞ்சின்களில் அறுந்த அடுத்த நொடியே பிஸ்டன் வால்வுகளில் மோதி வளைத்துவிடும்.

வொர்க்‌ஷாப்பில் 'ஏதோ சத்தம் வருகிறது, பாருங்கள்' என்று சொன்னால் ஏதோ ஒன்றைத்தான் மாற்றுவார்கள். 'காலையில் முதல் பத்து நிமிடம், இடப்பக்கம் திரும்பும்போது மட்டும், முன் வலது சக்கரத்திலிருந்து' என்று எழுதியதைக் காட்டுங்கள். முடிந்தால் மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்தச் சத்தத்தைக் கேட்கவைத்த பிறகு சாவியைக் கொடுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரவேண்டும் என்பதையும் வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.